ஒட்டோவியமும் அற ஏலமும்

(உழவர்கரையில் நிகழ்ந்த விழாக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

அறப்பணிக்கு நிதி திரட்டும் வழிகள் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன. உண்டியல் ஒரு காலம். நன்கொடைச் சீட்டு ஒரு காலம். நாடகம் நடத்தி நுழைவுச் சீட்டு விற்றது ஒரு காலம். இப்போது நகரங்களில் ஓவியக் கண்காட்சி வைத்து, அதன் நிறைவில் படங்களை ஏலம் விட்டு, வந்த தொகையை மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ அளிப்பது பரவி வருகிறது. நல்ல வழிதான். ஆனால் அந்த ஏலத்தில் கொடையாளர் யார் என்று கேட்டால் விடை சொல்வது அத்துணை எளிதன்று. ஏலம் கேட்டவரா, ஏலம் நடத்திய அமைப்பா, படம் வரைந்தவரா? இவ்வுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. அதற்கு முன்பு, ஏழை எளியோரும் கைக்கொள்ளக்கூடிய ஓர் ஓவியக் கலையைப் பற்றிச் சிறிது பேசுவது பொருத்தம். அக்கலை தாளை வெட்டியும் கிழித்தும் ஒட்டிச் செய்யும் ஒட்டோவியம்.

மேல்நாட்டார் இதனைக் கொலாஜ் என்பர். புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் பயின்ற மூத்தோர்க்கு அச்சொல்லின் வேரை விளக்க வேண்டியதில்லை. 'கொலே' என்றால் ஒட்டுதல். அதிலிருந்து பிறந்ததே கொலாஜ். 1912-ஆம் ஆண்டு பிக்காசோ தம் ஓவியம் ஒன்றில் பிரம்பு நாற்காலியின் பின்னலைத் தூரிகையால் வரையாமல், பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுத்துணித் துண்டை ஒட்டினார். படத்தைச் சுற்றிச் சட்டத்திற்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றினார். அதே ஆண்டில் அவருடைய நண்பர் பிராக், கடையில் விற்ற மரக்கோடு அச்சிட்ட சுவர்த்தாளை வாங்கி வெட்டித் தம் கரிக்கோல் வரைவில் ஒட்டினார். ஓவியக் கலையின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரு திருப்பமாகக் குறிப்பர்.

வரலாறு அவ்வாறு சொல்லினும், ஒட்டி அழகு செய்வது நம் நாட்டார்க்குப் புதிதன்று. தேரில் தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள். வண்ணத் துணிகளை யானையாகவும் யாளியாகவும் வெட்டி, வேறொரு துணிமேல் வைத்துத் தைத்தவை அவை. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணி ஒட்டப்படுகிறது, துணிமேல் சுண்ணப்பூச்சு, பூச்சின்மேல் கற்களும் பொற்றாளும். இவற்றையெல்லாம் நாம் கைவினை என்று சொல்லி ஒதுக்கிவிட்டு, பாரிசில் ஒருவர் மெழுகுத்துணியை ஒட்டியபோது கலை என்று வியக்கிறோம். அது நம் பழைய குணம்.

பசையைப் பற்றியும் ஒரு சொல். தச்சர்கள் முன்பு பயன்படுத்திய வச்சிரம் விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. கொல்லாமை நோன்புடைய இல்லங்களில் பிள்ளைகள் கைவேலை செய்யும்போது இதனை அறிந்திருப்பது நலம். மைதாப் பசையும் புளியங்கொட்டைப் பசையும் ஒட்டுவதில் எதற்கும் குறைந்தவை அல்ல. தஞ்சை ஓவியர்கள் பலகையில் துணி ஒட்டியது புளியங்கொட்டைப் பசையால்தான்.

ஒட்டோவியத்தின் தனிச் சிறப்பு, அது வேறு கலைகளின் வாயில் அடைபட்டவர்களுக்குத் திறந்திருக்கிறது என்பதே. ஹென்றி மத்தீஸ் 1941-இல் பெரிய அறுவை மருத்துவத்திற்கு உட்பட்டார். பிறகு நின்று வண்ணம் தீட்ட இயலாமல் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி, வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரியால் வெட்டி உருவங்கள் சமைத்தார். 'ஜாஸ்' என்னும் அவருடைய நூல் 1947-இல் அவ்வாறு வந்தது. அவருக்கு நெடுங்காலம் முன்பு, இங்கிலாந்தில் மேரி டிலேனி என்னும் கைம்பெண் தம் எழுபத்திரண்டாம் அகவையில் தாளைப் பூவிதழ்களாக வெட்டி ஒட்டத் தொடங்கினார். பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் செடிகளின் உருவங்களைச் செய்து முடித்தார். அவை இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1782-இல் கண்ணொளி குன்றியதால் அவர் அப்பணியை நிறுத்தினார்.

கண்ணொளி போனபின் அப்பணியைத் தொடங்கியவர் ஒருவர் நம் நாட்டில் உண்டு. சாந்திநிகேதனின் வினோத் பிகாரி முகர்ஜி பிறவியிலேயே குறைந்த பார்வை உடையவர். அந்தப் பார்வையோடு சாந்திநிகேதன் இந்தி பவனச் சுவர்களில் இடைக்கால அருளாளர்களின் வாழ்வை நெடுஞ்சித்திரமாகத் தீட்டியவர். 1957-ஐ ஒட்டி, கண்ணில் செய்த அறுவை மருத்துவம் பலிக்காமல் முழுப் பார்வையும் போயிற்று. அதன்பின் அவர் வண்ணத்தாளைக் கையால் தடவி, வெட்டி, ஒட்டி உருவங்களை ஆக்கினார். எந்தத் தாள் எந்த வண்ணம் என்று அருகிலிருப்போர் சொல்ல வேண்டும். கோடும் இடமும் அவர் விரலிலேயே இருந்தன. அவருடைய மாணவரான சத்யஜித் ராய் 1972-இல் அவரைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். பார்வையற்றவர் செய்தது என்று இரக்கத்தோடு அப்படங்களைப் பார்ப்பவர், சிறிது நேரத்தில் அந்த இரக்கத்தை மறந்துவிடுவார். அதுவே அவற்றின் தரத்துக்குச் சான்று.

இனி, இவ்வுரைக்கு நடுநாயகமான இருவரிடம் வருவோம். இருவரும் கொல்கத்தாவைச் சார்ந்தவர்கள். ஒருவர் பி. ஆர். பானேசர், மற்றவர் ஷகீலா.

பானேசர் பஞ்சாபில் பிறந்தவர். கொல்கத்தாவைத் தம் ஊராக்கிக் கொண்டவர். தொழிலால் புள்ளியியல் துறையினர், விருப்பத்தால் ஓவியர், ஒட்டோவியத்தில் பெயர் பெற்றவர். நடைபாதையில் வாழும் சிறுவர்களுக்குத் தின்பண்டமும் பென்சிலும் தாளும் கொடுப்பது அவருடைய அன்றாடப் பழக்கம். தால்தலா அங்காடியில் ஒரு தாய் காய்கறி விற்றுக்கொண்டிருந்தார். கணவர் கைவிட்டுச் சென்றமையால் பிள்ளைகளைக் காக்கும் சுமை அவர் தலைமேல். ஊரிலிருந்து நாள்தோறும் நகருக்கு வந்து விற்றுத் திரும்புவார்; கடைக்குட்டியான ஷகீலாவையும் உடன் அழைத்து வருவார். அச்சிறுமி பானேசரின் கண்ணில் பட்டாள். அவர் அவளைப் பள்ளியில் சேர்க்க முயன்றார். முன்பின் அறியாத ஆடவர் ஒருவர் தம் மகளிடம் காட்டும் பரிவைத் தாய் முதலில் ஐயுற்றார் என்பர். நகரத் தெருவில் பெண்பிள்ளையை வளர்க்கும் எந்தத் தாயும் அவ்வாறே ஐயுறுவார். அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை.

பள்ளிப் படிப்பு நீடிக்கவில்லை. பன்னிரண்டு வயதளவிலேயே ஷகீலாவுக்குத் திருமணம் ஆயிற்று. கணவரும் காய்கறி வணிகர், ஏற்கெனவே மணமானவர். வறுமை தொடர்ந்தது. அப்போது பானேசர் சொன்ன யோசனை மிகச் சிறியது: பழைய செய்தித்தாளில் பைகள் ஒட்டி விற்கலாம் என்றார். ஷகீலா பை ஒட்டினார். தாளும் பசையும் கைக்குப் பழகின.

பிறகு ஒருநாள் பானேசர் அந்தத் தம்பதியரை ஓவியக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றார். அங்கே சுவரில் தொங்கியவை தாளை ஒட்டிச் செய்த படங்கள். தாமும் செய்ய முடியும் என்று ஷகீலாவுக்குத் தோன்றியது. அட்டையும் வண்ணத்தாளும் கேட்டார்; பானேசர் கொடுத்தார். திரும்பி வந்தவை காய்கறிகள், பழங்கள். சிறுமியாக அங்காடித் தரையில் அமர்ந்து பார்த்தவையே தாளில் உருவெடுத்திருந்தன. தேர்ந்த ஓவியரான பானேசர் அவற்றைக் கண்டு வியந்தார். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஷகீலாவின் முதல் தனிக் கண்காட்சி நடைபெற அவர் துணை நின்றார். படங்கள் விற்றன. அத்தொகை ஷகீலாவின் குடும்பத்துக்குச் சென்றது. பின்னாளில், 1993-இல் தொடங்கப்பட்ட கொல்கத்தாவின் 'சீமா' ஓவியக்கூடம் அவருடைய படங்களை ஏற்றது. நாட்டின் பிற நகரங்களிலும் அயல்நாடுகளிலும் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. காய்கறியில் தொடங்கியவர் பிறகு தெருவையும், பெண்கள்மீது நிகழும் கொடுமையையும், காளியின் உருவத்தையும் தாளில் ஆக்கினார். படிப்பறிவு இல்லாத கை, எழுத்தச்சிட்ட தாளை வண்ணமாக மட்டும் கண்டு கிழித்து ஒட்டியது. படித்தவர் ஒருவர் செய்தால் எழுத்து கண்ணை இழுக்கும்; தலைப்பைப் படித்துவிட்டுத்தான் தாளைக் கிழிப்பார்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது பானேசரின் கொடை முறை. அவர் ஷகீலாவின் வறுமையைச் சுவரில் மாட்டி நிதி திரட்டவில்லை. தாளும் அட்டையும் கொடுத்தார். படங்களைப் படங்களாகவே மதித்தார். பார்வையாளரை அழைத்து வந்தார். விலை கொடுத்து வாங்கியோர் இரக்கத்திற்காகக் கொடுத்தனரா, படத்திற்காகக் கொடுத்தனரா என்று பிரித்தறிய வேண்டிய இடமே அங்கு எழவில்லை.

இப்போது ஏலத்திற்கு வருவோம். ஏலம் என்ற சொல்லே போர்த்துக்கீசியர் வழி நமக்கு வந்தது என்பர் அகராதியார். ஆனால் அறத்திற்காக ஏலம் விடுவது நம் செவிக்குப் பழகியதே. 1933 நவம்பரில் தொடங்கி மறு ஆண்டின் நடுப்பகுதி வரையில் காந்தியடிகள் அரிசனத் தொண்டு நிதிக்காக நாடு முழுதும் பயணம் செய்தார். 1934 பிப்ரவரி 17 அன்று புதுவைக்கும் வந்தார். அப்பயணத்தில் ஊர்தோறும் வாசித்தளிக்கப்பட்ட வரவேற்பு மடல்களையும், அவற்றை வைத்துக் கொடுத்த பேழைகளையும் மேடையிலேயே ஏலம் விட்டுப் பணமாக்குவது அவர் வழக்கம். கையெழுத்துக் கேட்டு வந்தவரிடம் ஐந்து ரூபாய் வாங்கினார். ஏலம் நடத்துவதில் அவருக்கிருந்த திறமை வணிகக் குடியில் பிறந்ததன் பயன் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

வடநாட்டுச் சுவேதாம்பரக் கோயில்களில் முதல் திருமுழுக்கு, ஆரத்தி முதலியவற்றைச் செய்யும் பேற்றை ஏலம் விடுவர். அதற்குப் 'போலி' என்று பெயர். தமிழ்ச் செவிக்கு அச்சொல் வேறுபடக் கேட்கும். அவர்கள் மொழியில் வாயால் சொல்லிக் கேட்பது என்பதே பொருள். பணத்தைச் சொல்லாமல் இத்தனை மணங்கு நெய் என்று கேட்பது பழைய முறை. அவ்வாறு இறைவனுக்கென்று சேர்ந்த பொருளை வேறு செலவுக்கு எடுப்பதில்லை என்ற கட்டுப்பாடும் உண்டு.

காந்தியடிகளின் ஏலத்திலும் கோயில் ஏலத்திலும் ஓர் ஒற்றுமை காணப்படும். மடலை வாங்கியவர் அதை மறுநாள் விற்று ஈடுகட்ட முடியாது. ஆரத்தி எடுத்தவர் எப்பொருளையும் வீட்டுக்குக் கொண்டு செல்வதில்லை. ஆகவே கேட்ட தொகை ஏறத்தாழ முழுவதும் கொடையே. ஓவிய ஏலம் அப்படியன்று. வாங்குபவர் ஒரு பொருளோடு வீடு திரும்புகிறார். அப்பொருளுக்குச் சந்தையில் விலை உண்டு.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஓவியர் ஒருவர் தம் படங்களை வழக்கமாக 20,000 ரூபாய்க்கு விற்பவர் என்று கொள்வோம். அறப்பணிக்கென்று ஒரு படத்தை இலவசமாகத் தருகிறார். ஏலத்தில் 25,000 ரூபாய்க்குப் போகிறது. கைதட்டல் எழுகிறது, வாங்கியவருக்குப் பொன்னாடை. ஆனால் அவர் கொடுத்த கொடை 5,000 ரூபாய்தான்; மீதிக்குப் படம் கிடைத்துவிட்டது. ஓவியர் கொடுத்ததோ 20,000. இனி, அதே படம் 12,000 ரூபாய்க்குப் போனால்? வாங்கியவர் கொடை ஏதும் தரவில்லை. 8,000 ரூபாய் மலிவாக ஒரு படத்தைப் பெற்றார். ஓவியர் கொடுத்த 20,000-இல் 12,000 அறப்பணிக்கும் 8,000 வாங்கியவருக்கும் சென்றன. பொன்னாடை மட்டும் இடம் மாறவில்லை.

ஓவியரின் இழப்பு அதோடு நிற்பதில்லை. பலர் முன்னிலையில் 12,000 என்று ஒலித்த விலை அவரைப் பின்தொடரும். அடுத்த கண்காட்சியில் 20,000 சொன்னால், "அன்று பன்னிரண்டுக்குப் போயிற்றே" என்பார்கள். வரிச் சட்டமும் அவருக்குக் கைகொடுக்காது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு பணமாகத் தரும் கொடைக்கே கழிவு அளித்தது. பொருளாகத் தரும் கொடைக்கு அளிக்கவில்லை. பணமுடையவர் ரசீது பெறுவார். படம் கொடுத்தவர் நன்றிக் கடிதம் பெறுவார். ஆண்டுக்கு எத்தனை அமைப்புகள் எத்தனை நற்பணிகளுக்காக ஓவியர் வீட்டுக் கதவைத் தட்டுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த நன்றிக் கடிதங்களின் கனம் விளங்கும். மளிகைக் கடைக்காரரிடம் இருநூறு மூட்டை அரிசி இலவசமாகக் கேட்க நாணுகிற நாம், ஓவியரிடம் படத்தை இலவசமாகக் கேட்க நாணுவதில்லை. தாளும் பசையும் மலிவு என்பதால் அதன்மேல் செலவான நாள்களும் மலிவு என்று எண்ணிவிடுகிறோம் போலும்.

தத்துவார்த்த சூத்திரம் கொடையின் சிறப்பை அளக்கும்போது, கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கையும் நோக்கச் சொல்கிறது. இதனை நாம் விழாக்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஓவிய ஏலத்தில் பொருள் நன்று, பெறுபவரும் நல்லவரே; கொடுப்பவர் யார் என்பதில் மயக்கம் நேர்வதால் முறையிலும் மாசு படிகிறது.

அதற்காக ஏலமே வேண்டாம் என்பது கருத்தன்று. ஓவியரின் வழக்கமான விலைக்குக் குறைந்து கேட்பு தொடங்காதபடி அடிவிலை வைக்கலாம். அவ்விலைக்கு எவரும் கேட்கவில்லை என்றால் படத்தை மதிப்போடு ஓவியரிடமே திருப்பித் தரலாம். வரும் தொகையில் ஒரு பகுதியை, பாதியையேனும், ஓவியருக்கு அளித்துவிட்டு மிகுந்ததை அறத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். முழுவதையும் கொடுத்துவிட விரும்பும் ஓவியர் தம் பங்கைத் தாமே திரும்பக் கொடுப்பார். அப்போது அது அவர் கையால் நிகழ்ந்த கொடை. ரசீதும் அவர் பெயரில் எழுதப்படும். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம்கூட இந்த நியாயத்தை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1994-இல் சேர்க்கப்பட்ட 53ஏ பிரிவு, மூல ஓவியம் ஒன்று 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆகும்போது அதில் பத்து விழுக்காட்டுக்கு மிகாத பங்கைப் பெற ஓவியருக்கு உரிமை தருகிறது. அதைக் கேட்டுப் பெறுவோர் அரியர். சட்டம் ஏட்டில் இருக்கிறது.

ஏலமே இல்லாமல் ஓவியத்தால் அறம் செய்ததற்கும் சான்று உண்டு. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயின் நாட்டுக் குவெர்னிக்கா நகர்மீது குண்டுகள் பொழியப்பட்டன. அக்கொடுமையைப் பிக்காசோ ஏழரை மீட்டருக்கும் மேற்பட்ட அகலமுள்ள பெருந்திரையில் தீட்டினார். தீட்டும்போது வண்ணத்தாள்களை அதன்மேல் பொருத்திப் பார்த்து, பிறகு எடுத்துவிட்டார் என்பது ஒட்டோவியம் பேசும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. போரில் துன்புற்றோருக்கு உதவி திரட்டும் பொருட்டு அப்படம் நாடு நாடாகச் சென்றது. 1939 சனவரியில் இலண்டன் கிழக்குப் பகுதியில், உழைக்கும் மக்கள் வாழும் ஒயிட்சேப்பல் ஓவியக்கூடத்தில் வைக்கப்பட்டபோது, நுழைவுக் கட்டணமாகக் கேட்கப்பட்டது ஒரு சோடி காலணி. ஸ்பெயினுக்கு அனுப்புவதற்காக அவை படத்தின் கீழ் வரிசையாக அடுக்கப்பட்டன. படம் ஓவியருடையதாகவே இருந்தது. பார்த்தவர்கள் தங்கள் சொந்தப் பொருளைக் கொடுத்தார்கள்.

புதுவையில் இத்தகைய கண்காட்சி நடத்துவோருக்கு ஒரு வசதி உண்டு. 1959-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் ஆலை இங்கே இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கி வடித்தெடுக்கும் தாள் அது. மரம் வெட்ட வேண்டியதில்லை. செய்தித்தாள் மரக்கூழால் ஆனது. ஒளி பட்டால் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறிப் பொடியும். பிக்காசோவின் ஒட்டோவியங்களில் உள்ள செய்தித்தாள் துண்டுகளும் பழுத்துப் போனவையே. பருத்தித் தாள் அவ்வாறு எளிதில் மாறாது. ஒட்டோவியம் பயிலும் நம் பிள்ளைகள் செய்தித்தாளில் கைபழகிவிட்டு, விற்பனைக்கு வைக்கும் படத்தைப் பருத்தித் தாளில் செய்தால், வாங்குபவருக்கு நேர்மை செய்தவர்கள் ஆவார்கள்.

நடத்துவோர் செய்ய வேண்டியவை இன்னும் சில. படத்தின் கீழ் ஓவியர் பெயரைப் பெரிதாக எழுதுக; புரவலர் பெயர் அதற்குக் கீழே சிறிதாக இருக்கட்டும். ஏலத்திற்கு முன் இரண்டு மூன்று நாளேனும் படங்களைக் காட்சிக்கு வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருக. வாங்க முடியாதவர்களும் பார்க்கட்டும். ஷகீலாவும் ஒரு நாள் வாங்க முடியாதவராகத்தான் கண்காட்சிக்குள் நுழைந்தார். ஏலம் முடிந்த மறுநாளே ஓவியருக்குச் சேர வேண்டிய தொகையோடு, படத்தை யார் வாங்கினார் என்னும் குறிப்பையும் அனுப்பிவிடுக. தம் படம் எந்த ஊரில் எந்தச் சுவரில் தொங்குகிறது என்றறியாத ஓவியர் பலர். வாங்கியவரிடமும், மேற்கு வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்புக.